பயனியர் அழகிரியின் மேல் பட்டன்

திருச்சி வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை மாதத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலிருக்கும் என் டைப்பிங் கடையில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். மேலே சுற்றுகிற ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். மனு கொடுக்க வருகிற ஆம்பளைகள் எல்லாம் சட்டையில் இரண்டு பட்டனைத் திறந்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நிற்பார்கள். அழகிரி ஒருத்தர்தான் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு நிற்பார். வியர்வை காலரை நனைத்து முதுகுக்கு இறங்கியிருக்கும். "கொஞ்சம் கழட்டித்தான் விடுங்களேன் அண்ணே, யாரு கேக்கப்போறா?" என்று நானே ஒருநாள் சொன்னேன். "பழக்கமாயிடுச்சும்மா" என்றார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், அந்த விறைப்பு இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டு வருஷமாக ஊரார் மனுவை அடித்துக்கொடுக்கிறேன். பட்டா மாறவில்லை, ரேஷன் கார்டில் பெயர் தப்பு, முதியோர் உதவி நின்றுபோச்சு. காலையில் தென்னூரில் பஸ் ஏறும்போதே எனக்குக் கால் வீங்கியிருக்கும். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது யார் எதற்காக அழுதார்கள் என்பதுகூட நினைவிருக்காது. இந்தச் சுஜாவுக்கு வாய் நீளம் என்று இந்தப் பக்கத்தில் டீக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த வாய் போதாதென்று ஒருதரம் என் விரலும் சும்மா இருக்காமல் போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அழகிரிக்கு ஐம்பத்தாறு வயது. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அப்பார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேனாக இருக்கிறார். அவருடைய அப்பா சின்னையன், காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் நாற்பத்தைந்து வருஷம் மூட்டை தூக்கியவர். எண்பத்தொரு வயதாகிறது. பாலக்கரையில் மகள் ராக்கம்மாளோடு இருக்கிறார். இன்றைக்கும் காலையில் மார்க்கெட்டுக்கு நடந்துபோய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். அந்தப் பெஞ்சில் அவர் சொல்கிற ஒரே பெருமை, "எம் மவன் பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சவன்." கேட்டுக் கேட்டு மார்க்கெட்டுக்கே மனப்பாடம்.

சுமைத் தொழிலாளர் சங்கத்தில் வருஷா வருஷம் ஜனவரி இருபத்தாறில் மார்க்கெட் வாசலில் கொடி ஏற்றுவார்கள். யாராவது ஒருத்தருக்குத் துண்டு போட்டு மரியாதை செய்வார்கள். இந்த வருஷம் சின்னையன் மகனுக்கே செய்துவிடலாம் என்று சங்கச் செயலாளர் நஸ்ருல்லா சொன்னார். நோட்டீஸ் என் கடையில் அடிப்பதாக ஏற்பாடு. விவரம் தப்பில்லாமல் இருக்கவேண்டும், ராணுவத்தில் கொடுத்த புத்தகத்தையே எடுத்துப் போங்கள் என்று நஸ்ருல்லா அழகிரியை அனுப்பிவைத்தார்.

அழகிரி அந்தப் புத்தகத்தை மஞ்சள்பையில் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே எடுக்கவில்லை.

"இந்திய ராணுவம், இருபத்திரண்டு வருஷம். அவ்வளவு போட்டாப் போதும்மா."

"எந்தப் படைன்னு போடவேணாமா? குடுங்க பாப்போம்" என்று நானே பையை வாங்கி, புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பயனியர் கம்பெனி என்று இருந்தது. எனக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் தெரியும். பீரங்கிப் படை தெரியும். இதைக் கேள்விப்பட்டதில்லை.

"இது என்ன அண்ணே, பயனியர்?"

"அது ஒரு யூனிட்டு."

"என்ன பண்ணுவாங்க?"

"எல்லாம் பண்ணுவாங்க. அது வேணாம்மா, விட்டுடுங்க." குரல் கடுமையாக இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவன் உட்கார இடம் கேட்கிற குரலாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினபடி நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் கடையில் கூட்டமில்லை. ஏதோ விடுமுறை, ஆபீஸ் பூட்டியிருந்தது. சும்மா இருக்க முடியாத குணம் எனக்கு. போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். பழைய பிரெஞ்சுக்காரன் சொல்லாம். அதற்கும் அடியில் லத்தீன், பாதம் என்கிற சொல். குதிரை இல்லாதவன், காலால் நடக்கிறவன் என்றுதான் முதல் அர்த்தம். செஸ் பலகையில் முன்வரிசையில் நிற்கிற சிப்பாய்க்கு இங்கிலீஷில் இருக்கிற பெயரும் இந்த வேரில் முளைத்ததுதானாம். நம் ஆபீஸ் பியூன் இருக்கிறாரே, அவரும் அதே வம்சம். அட கஷ்டகாலமே, மணியடித்தால் ஓடுகிறவரும் பலகையில் முதலில் வெட்டுப்படுகிறவனும் பங்காளிகள்!

பிற்பாடு படையில் அந்தப் பெயர் ஒரு வேலைக்காரக் கூட்டத்துக்கு நின்றுவிட்டது. சண்டைக்காரர்கள் வருவதற்கு முன்னால் கோடரியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். மரத்தை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பாரத்தைச் சுமந்து வழி செய்வார்கள். கும்பெனிக்காரன் காலத்து மதராஸ் பட்டாளத்திலேயே பயனியர்கள் இருந்திருக்கிறார்கள். பீரங்கி போகப் பாதை தானாக முளைக்குமா? படித்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு இந்த மனுஷன் 'அது வேணாம்மா' என்கிறாரே. அடக்கம் என்றாலும் ஓர் அளவு வேண்டாமா?

நோட்டீஸில் நான்கு வரி சேர்த்தேன். 'பயனியர் என்பது படைக்கு முன்னால் நடப்பவர்களின் பெயர். மலையிலும் பனியிலும் பாதை போட்டு, பாரம் சுமந்து, பின்னால் வரும் படைக்கு வழி செய்பவர்கள். அப்படிப்பட்ட முன்னோடிப் படையில் இருபத்திரண்டு ஆண்டு உழைத்தவர் நம் சின்னையன் அவர்களின் மகன்.' அடித்து முடித்து ஒருதரம் வாய்விட்டுப் படித்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அழகிரிக்கு அன்றைக்கு டூட்டி. நஸ்ருல்லா வந்து நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்டு போனார். "சூப்பரா இருக்குக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அழகிரி வந்தார். நோட்டீஸை என் மேஜைமேல் வைத்தார். நான்காக மடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்த காகிதம்.

"என்னம்மா பண்ணிட்டீங்க?"

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடையில் வைத்து நஸ்ருல்லா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதைப் படித்திருக்கிறார். சின்னையன் பாதி டீயில் நிறுத்தி, "பாரம்னா? மூட்டையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாய்யா, மூட்டை, பெட்டி, எல்லாந்தான்" என்று நஸ்ருல்லா சொல்லியிருக்கிறார். கிழவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மூன்று வேளையாகச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் போனைப் போட்டுக் கையில் கொடுத்ததற்கு, 'இனிமே நீ இந்தப் பக்கம் வராத' என்று ஒரே வார்த்தை.

"எம்பத்தொரு வயசும்மா. இந்தக் கோவத்தோடயே கண்ண மூடிட்டாருன்னா?" என்றார் அழகிரி. டீ வரவழைத்தேன். அவர் குடிக்கவில்லை, ஆனால் பேசினார். வெளி ஆளிடம்தான் சிலதைச் சொல்ல வருகிறது போலிருக்கிறது.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, அப்பாவோடு மண்டியில் மூட்டை தூக்கப் போனவர் அழகிரி. அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அம்மா படுத்த படுக்கை, வேறு வழியில்லை. தினமும் துண்டைச் சுருட்டி மகன் பிடரியில் சும்மாடு கட்டிவிடும்போது, "இது எங்கூடப் போயிடணும்டா, உனக்கு வேணாம்" என்று சொல்வாராம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பத்தொன்பது வயதில் போய் வரிசையில் நின்றார். தேர்வாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சின்னையன் மகனுடைய சும்மாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு காவேரிக்குப் போனார். தண்ணீரில் விட்டார். அது கண்ணுக்கு மறைகிறவரைக்கும் படியில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து மகனுக்குக் கறி எடுத்துச் சமைத்துப் போட்டார்.

"ஆள் எடுத்த ஹவில்தார் என் தோளைத் தட்டிப் பாத்துச் சிரிச்சாரும்மா. நல்ல தோளுன்னாரு. நான் துப்பாக்கிக்குன்னு நெனச்சேன்" என்றார் அழகிரி.

பெங்களூரில் பயிற்சி முடிந்ததும் பயனியர் கம்பெனியில் போட்டார்கள். துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தார்கள், அதோடு சரி. அதற்கப்புறம் சிமென்ட் மூட்டை, மண்ணெண்ணெய் டின், இரும்புக் கம்பி, குண்டுப் பெட்டி. மூச்சு வாங்கினால் காற்று வராத உயரத்தில் பாறையை உடைத்து ரோடு போட வேண்டும். போட்ட ரோட்டை ராத்திரிப் பனி மூடிவிடும், காலையில் மறுபடி வெட்ட வேண்டும். கார்கில் சண்டை நடந்த வருஷம் மலைமேல் பெட்டி சுமந்துகொண்டு போனார்கள். இறங்கும்போது வெறுங்கையாக இறங்கவில்லை. "மேல போறப்ப பெட்டி, கீழ வர்றப்ப ஆளு" என்றார்.

எந்த மூட்டையிலிருந்து தப்பிக்க ஓடினாரோ அதே மூட்டை. இன்னும் உயரத்தில், இன்னும் குளிரில். இதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது? 'நான் சிப்பாய் ஆகிட்டேன்' என்று மட்டும் எழுதினார். அது பொய்யில்லை. சின்னையன் அந்தச் சிப்பாய் கையில் தானே ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். இவர் மறுக்கவில்லை. அவ்வளவுதான் இவர் செய்த குற்றம்.

முதல் வருஷம் தீபாவளிக்கு லீவு கிடைத்தது. அப்பா ஜங்ஷனுக்கே வந்து காத்திருக்கிறார். ரயில் ஈரோடு தாண்டியபிறகுதான் இவருக்கு யோசனை வந்தது. தீபாவளி காலையில் அப்பாதானே தலைக்கு எண்ணெய் வைப்பார். சட்டையைக் கழற்றி மணையில் உட்கார வைத்து, உச்சியில் வைத்து, கழுத்து, தோள், முதுகு என்று தேய்த்து இறக்குவார். மூட்டை தூக்குகிறவனுக்குப் பிடரிக்குக் கீழே சதை திரண்டு காய்த்துப்போகும். மார்க்கெட்டிலேயே பழகிய கை அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், இது எத்தனை மாசத்துக் காய்ப்பு, எந்தத் தோளில் சுமக்கிறான் என்று சொல்லிவிடும். கரூரில் இறங்கினார் அழகிரி. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். லீவு கேன்சல் என்று ஒரு தந்தி.

அதற்குப் பிறகு லீவு பொங்கலுக்கு எடுப்பார், வைகுண்ட ஏகாதசிக்கு எடுப்பார், தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வந்தார். தீபாவளிக்கு மட்டும் வரவே மாட்டார். வந்த நாட்களிலும் விடியும் முன் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். ரிட்டயராகி வந்த பின்னும் தீபாவளி அன்றைக்கு டூட்டி வாங்கிக்கொள்வார். "மத்த வாட்ச்மேனுக்கெல்லாம் நான் தெய்வம்மா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்த அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

என் கண் அவருடைய காலருக்குப் போனது. சித்திரை வெயிலில் இதைக் கழற்றச் சொல்லிக் கிண்டல் செய்தேனே! எனக்கு அழுகை வந்தது. அழுதால் அந்த மனுஷன் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அது இன்னும் கேவலம். அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு நானும் வரேன். நான்தானே எழுதினேன், நானே வந்து உங்கப்பா கால்ல விழுறேன்" என்றேன். வேண்டாம் என்றார். நான் கேட்கிற ஜாதியா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலக்கரைக்குப் போனோம். சந்துக்குள் சந்து, ஒரு ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ராக்கம்மாள் வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "கஞ்சியாவது குடிக்கச் சொல்லுண்ணே" என்றார். உள்ளே சின்னையன் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டையில்லாத முதுகு. பிடரிக்குக் கீழே ஒரு திரட்சி, மேல்தோல் கறுத்து, எண்ணெய் கண்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் முன்னால் போய் நின்று, "ஐயா, நோட்டீஸ் நான் எழுதினது. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. தப்பு என்னோடதுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "அது என்னம்மா பேரு?" என்று கேட்டார்.

"பயனியர்ங்க."

"அப்படீன்னா?"

"முன்னாடி நடந்துபோயி வழி பண்றவங்கன்னு அர்த்தம். ஆதியில காலால நடக்கிறவங்கன்னுதான் இருந்துச்சாம். அவங்க போட்ட ரோட்டுலதான் மத்தவங்கல்லாம் போவாங்க. சாதாரணமில்லீங்க ஐயா அது."

"நடக்கிறவன்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டார். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. வாசற்படி அருகில் நிற்கும் மகனைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"சும்மாடு கட்டினியா, இல்ல வெறுங்கழுத்துலயா?"

அழகிரி தலையைக் குனிந்துகொண்டார். "கம்பளியச் சுருட்டி வச்சுக்குவேன்ப்பா. நீ கட்டுவியே, அதே மாதிரி. அங்க பசங்களுக்கும் நான்தான் கட்டிவிட்டேன். பஞ்சாபிப் பசங்கல்லாம்கூடக் கத்துக்கிட்டானுங்க."

"எந்தத் தோளு?"

"வலது."

"ஒரே தோள்லயா? மாத்தி மாத்திப் போடணும்னு எத்தன தரம்டா சொல்லியிருக்கேன்! முட்டாப்பய மவனே!"

திட்டினாரே ஒழிய, சத்தம் உடைந்துவிட்டது. ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழகிரி கீழே உட்கார்ந்தார். "உங்கிட்ட மறைச்சதுதான்ப்பா தப்பு. நீ என் துண்ட ஆத்துல விட்டியே. அதுக்கப்புறம் எப்படி வந்து சொல்றது? உன் மனசு ஒடஞ்சுபோயிடும்னு…"

"மூட்டை தூக்கினதுக்கா நான் கோச்சுக்கிட்டேன்?" என்றார் கிழவர். "நானும் அதைத்தானே தூக்கினேன், அதுல என்ன அசிங்கம்? அம்புட்டு ஒசரத்துல நீ தனியாத் தூக்கியிருக்க. எவங்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியாம தூக்கியிருக்க. அது ஒருபக்கம் இருக்கட்டும். தீபாவளிக்கு ஏன்டா வரல?"

"எண்ணெய் தேய்க்கறப்போ தெரிஞ்சுடும்னுதான்ப்பா."

சின்னையன் தன் இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கை மரப்பட்டை போலிருந்தது. "நான் வேற நெனச்சேன்டா. பயலுக்குப் பட்டாளத்துல பெரிய பெரிய ஆளோட சகவாசம். கூலிக்காரன் கை சொரசொரன்னு இருக்கும், அது தலையில படறது அவனுக்குப் புடிக்கல. அதான் எல்லா நாளும் வரான், தீபாவளிக்கு மட்டும் வரமாட்டேங்கிறான்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா உன்னத்தானே கேவலமா நெனப்பாங்க. முந்தாநாளு நஸ்ருல்லா மூட்டைன்னு சொன்னதும்தான், காய்ப்ப மறைக்கத்தான் வரலையோன்னு சுரீர்னுச்சு. இத்தன வருசமா பெத்த புள்ளைய இப்படி நெனச்சிருக்கேனே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னப் பாக்கிறது? அதான் வராதன்னேன்."

தெருவில் ஒருத்தன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். ராக்கம்மாள்தான் என்னிடம் திரும்பி, "வருசா வருசம் ஒரு கிண்ணத்துல எண்ணெயக் காய்ச்சித் தனியா எடுத்து வைக்கச் சொல்லுவாருங்க. ரயில் லேட்டா வந்தாலும் வரும்பாரு. சாயங்காலம் வரைக்கும் மூடியே இருக்கும். அப்புறம் நான்தான் எடுத்துத் தலைக்குத் தடவிக்குவேன்" என்றார். எதற்காக என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே.

இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக்கூடாது என்று முப்பத்தாறு வருஷம் தனித்தனியாக நொந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒருநாள், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்குமே! ஆம்பளைகளுக்கு வாய் எதற்குத்தான் இருக்கிறதோ.

"சட்டையக் கழட்டு" என்றார் சின்னையன்.

அழகிரியின் விரல் கழுத்துப் பட்டனுக்குப் போனது. சுலபத்தில் கழலவில்லை. கழற்றினதும் காலரை விலக்கித் திரும்பி உட்கார்ந்தார். வலது தோளும் பிடரியும் சேருகிற இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு. கிழவர் எட்டித் தொடப் பார்த்தார். கை மார்புக்கு மேலே எழவில்லை. சுமந்து சுமந்து தேய்ந்துபோன தோள்பட்டை. அழகிரி அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து, இன்னும் குனிந்து, அப்பாவின் மடிக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது எட்டியது. பெருவிரலால் அந்த மேட்டை அழுத்திப் பார்த்தார் சின்னையன்.

"இருவது வருசத்துக்குக் குறையாது" என்றார். பிறகு மகளிடம், "ராக்கு, எண்ணெயக் காய்ச்சு" என்றார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைப்பா. ஆம்பளைங்க எண்ணெய் வைக்கக்கூடாது. புதன்கிழமை வச்சுக்கலாம்."

"முப்பத்தாறு தீபாவளி விட்டுப்போச்சு, நீ கிழமை பாக்கிறியா? போடி, போய்க் காய்ச்சு. ரெண்டு மிளகு போடு. அப்படியே அந்தக் கஞ்சியும் கொண்டா."

நான் அதற்குமேல் அங்கே இருக்கவில்லை. ஜங்ஷன் பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் எனக்குக் கால் வலிக்கிறது என்பதே தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தென்னூர் வரைக்கும் அழுதேன்.

மறுநாள் காலையில் மார்க்கெட் வாசலில் கொடி ஏற்றினார்கள். மைக்செட் கொரகொர என்றது. நஸ்ருல்லா நோட்டீஸை மறுபடி முழுசாகப் படித்தார். என் நான்கு வரியையும் விடவில்லை. அழகிரியின் சட்டையில் மேல் பட்டன் திறந்திருந்தது. காலரில் எண்ணெய்க்கறை. துண்டைச் சின்னையன்தான் போடவேண்டும் என்று நஸ்ருல்லா அவர் கையில் கொடுத்தார். சங்கத்துத் துண்டு, சிவப்பு. அதைப் பிடித்துக்கொண்டு கிழவர் நின்றார். கை மேலே போகவில்லை.

அழகிரி அப்பாவைப் பார்த்தார். துண்டு வாங்குகிறவர்கள் குனிகிற மாதிரி அவர் குனியவில்லை. முதலில் முழங்கால் மடிந்தது, பிறகு இடுப்பு, கழுத்து முன்னால் நீண்டு இறங்கியது, இரண்டு கையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டது. மண்டியில் லாரியிலிருந்து மூட்டையை வாங்கக் குனிகிற குனிவு. அங்கே நின்ற அத்தனை பேரும் தினம் நூறுதரம் குனிகிறவர்கள். பின்வரிசையிலிருந்து எவனோ, "அட, நம்ம ஆளுய்யா!" என்று கத்தினான். விசில் கிளம்பியது.

சின்னையனுக்கு அதொன்றும் காதில் விழவில்லை. மகனுடைய பிடரியில் துண்டை வைத்து, அது சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் சொன்னது மார்க்கெட் முழுக்கக் கேட்டது.

"கால அகட்டி வைடா, விழுந்துடப்போற."